வேதவசன நாட்காட்டி: பன்னிரண்டு படங்களும் ஒரு குழிமுசலும்

சுவரில் தொங்கும் வேதவசன நாட்காட்டியைப் பெரும்பாலும் தேதி பார்க்கத்தான் நிமிர்ந்து பார்க்கிறோம்; படம் கண்ணில் படுவதில்லை, வசனமும் பழகிப்போய்விடுகிறது. இந்த ஆண்டு எனக்குப் பரிசாக வந்த மாத நாட்காட்டி, தன் 12 பக்கங்களையும் இயற்கைக் காட்சிகளுக்கே கொடுத்து, ஒவ்வொரு படத்தின் கீழும் படைப்பைக் குறித்த ஒரு வசனத்தை நாம் சிறுவயதிலிருந்து மனப்பாடம் செய்த அதே பழைய நடையில் அச்சிட்டிருக்கிறது. ஒன்பது மாதங்கள் இதனோடு வாழ்ந்த பிறகு எழுதுகிறேன்.

எல்லாப் பக்கங்களிலும் சிறந்தது பிப்ரவரி. விடியற்காலைச் சிலந்தி வலை ஒன்றில் பனித்துளிகள் கோத்திருக்கின்றன, கீழே, "மழைக்கு ஒரு தகப்பனுண்டோ?" என்று கர்த்தர் யோபுவைக் கேட்ட கேள்வி. முதல் வாரம் அழகான படம் என்று மட்டுமே நினைத்தேன். ஒரு நாள் கிட்டப் போய்ப் பார்த்தபோதுதான், வலைக்குப் பின்னால் மங்கலாகத் தெரியும் மஞ்சள் பூ ஒவ்வொரு துளிக்குள்ளும் தலைகீழாக, இதழ் இதழாகத் தெளிந்து நிற்பதைக் கண்டேன். உருண்ட நீர்த்துளி ஒளியை வளைத்து வில்லையைப்போல் பின்னாலிருப்பதைக் கவிழ்த்துக் காட்டும் என்பது தெரிந்த செய்திதான். ஆயினும் வெயில் ஏறினால் இல்லாமற்போகும் ஒரு துளிக்கு இத்தனை நேர்த்தி எதற்கு என்று எண்ணியபோது, அந்தக் கேள்விகளுக்கு விடை சொல்ல முடியாமல் யோபு ஏன் தன் வாயைக் கையால் பொத்திக்கொண்டான் என்பது எனக்கு முன்னைவிட நன்றாக விளங்கியது.

டிசம்பர் பக்கத்தையும் முன்கூட்டியே புரட்டிப் பார்த்துவிட்டேன். கார்த்திகை என்று நாம் அழைக்கும் அறுமீன் விண்மீன் கூட்டத்தின் படம். வெறுங்கண்ணுக்கு ஆறாகத் தெரிவதால் நம் மொழி அதற்கு அந்தப் பெயரைக் கொடுத்தது, வேதாகமத் தமிழும் யோபு 38:31இல் அதையே எடுத்துக்கொண்டது. 1610இல் கலிலியோ தம் தொலைநோக்கியில் பார்த்து 36 விண்மீன்களை வரைந்து வெளியிட்டார். இன்று அந்தக் கூட்டத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்டவை அறியப்பட்டிருக்கின்றன. அவற்றின் ஒளி நம்மை வந்தடைய ஏறத்தாழ 440 ஆண்டுகள் ஆகின்றன. இந்தப் படத்தின் கீழே, அவைகளையெல்லாம் அவர் பேர்பேராக அழைக்கிறார் என்ற ஏசாயா 40:26ஐத் தேர்ந்தெடுத்தவர் வசனத்தையும் வானத்தையும் நன்கு அறிந்தவராக இருக்க வேண்டும்.

ஆகஸ்டு பக்கம் என்னை வருத்தியது. சங்கீதம் 104:18, உயர்ந்த பருவதங்கள் வரையாடுகளுக்கும் கன்மலைகள் குழிமுசல்களுக்கும் அடைக்கலம் என்கிறது. படத்திலோ நீண்ட காதுள்ள முயல் ஒன்று புல்வெளியில் அமர்ந்திருக்கிறது. வசனம் சொல்லும் குழிமுசல் முயலே அல்ல. குட்டைக் காதும், வெளியே தெரியாத வாலும், பாறையைப் பற்றிக்கொள்ள ஈரமான மெத்தென்ற பாதங்களும் உடைய சிறு பிராணி அது. உறவுமுறையில் யானைக்கு நெருக்கமானது. நீதிமொழிகள் 30:26 அதைச் சத்துவமற்றது என்றே சொல்கிறது. தன்னைக் காத்துக்கொள்ளப் பலமில்லாத ஒன்றுக்குக் கன்மலையை வீடாகவும், அந்தக் கன்மலையில் நிற்கத் தக்க பாதத்தையும் கொடுத்தவருடைய மகிமைதான் அங்கே பேசப்படுகிறது. படம் மாறியதால் அந்தப் பேச்சே அடைபட்டுப்போனது. படைப்பைக் கொண்டு தேவனைக் காட்ட முன்வருகிறவர்கள் படைப்பை உள்ளபடி காட்டியே ஆக வேண்டும்.

ஏப்ரல் பக்கத்தின் குறை வேறு வகையானது. வானங்கள் தேவனுடைய மகிமையை வெளிப்படுத்துகிறது என்ற சங்கீதம் 19இன் முதல் வசனத்தை அந்திவானத்தின் நடுவிலேயே பெரிய பொன்னிற எழுத்தில் பதித்து வானத்தைப் பாதி மறைத்துவிட்டார்கள். அவைகளுக்குப் பேச்சுமில்லை, வார்த்தையுமில்லை என்று அதே சங்கீதத்தின் மூன்றாம் வசனம் சொல்கிறது; மற்ற பக்கங்களைப்போல இங்கும் எழுத்தைக் கீழே வைத்திருந்தால் வானமே அறிவித்திருக்கும்.

தாள் கனமானது, கம்பிச் சுருள் இன்றுவரை பிசகவில்லை. தேதி எண்கள் சிறியவை என்பதால் வயதானவர்கள் அருகில் போய்த்தான் பார்க்க வேண்டும். தாளின் மேற்பூச்சு பளபளப்பதால் சன்னலுக்கு எதிரே மாட்டக் கூடாது. பக்கவாட்டுச் சுவரே பொருத்தம்.

ஞாயிறு பள்ளி ஆசிரியர்களுக்கும் குடும்ப ஜெபத்தில் பிள்ளைகளோடு அமர்கிறவர்களுக்கும் இதைத் தயங்காமல் பரிந்துரைக்கிறேன். எங்கள் வீட்டில் ஆகஸ்டு மாதத்து முயலின் மேல், பாறை விளிம்பில் வெயில் காயும் ஒரு குழிமுசலின் படத்தை என் மகள் ஒட்டிவைத்தாள்.