பண்பிறக்கத்துக்கு டயோடா, ஒத்திசைவுச் சுற்றா?

ஏ.எம். வானொலி அலையிலிருந்து ஒலியைப் பிரிக்க (இதுவே பண்பிறக்கம்) எந்தச் சுற்றை அமைப்பது என்று தயங்குவோர்க்காக டயோடு முறையையும், தானே உருவாக்கிய அலையை வரும் அலையோடு பெருக்கும் ஒத்திசைவு (synchronous) முறையையும் ஒப்பிடுகிறேன்.

செலவு: டயோடு முறைக்கு ஒரு டயோடு, ஒரு மின்தேக்கி, ஒரு மின்தடை போதும். ஒத்திசைவு முறைக்கு அலையியற்றியும் பெருக்கல் சுற்றும் அந்த அலையியற்றியை வரும் அலையோடு பூட்டி வைக்கும் கட்டப் பூட்டு வளையமும் (PLL) வேண்டும்.

மெல்லிய அலை: சிலிக்கான் டயோடு ஏறத்தாழ 0.6 வோல்ட் வரை சரிவரக் கடத்தாது, ஜெர்மானியமே மேல்.

ஒலித்தரம்: இரவில் சிற்றலை கேட்கும்போது ஒலியைச் சுமந்து வரும் ஊர்தி அலை மட்டும் சில நொடிகள் மங்கினால் டயோடு வழி வரும் பேச்சு கரகரத்துச் சிதையும், ஒத்திசைவுச் சுற்றோ ஊர்தியைத் தானே உருவாக்கிக்கொள்வதால் அப்போதும் சொற்கள் புரியும், ஊர்தியின் இருபுறமும் ஒலியைத் தாங்கும் பக்கப்பட்டைகளுள் இரைச்சல் மிகுந்ததை ஒதுக்கவும் வழியுண்டு. பூட்டு அமையும்வரை எழும் விசில் ஒலிதான் தொல்லை.

அருகிலுள்ள நிலையத்துக்கு டயோடே போதும்; தொலைதூரச் சிற்றலைக்கு ஒத்திசைவையே நான் தேர்வேன்.