ஈறு சிகிச்சைக்குப் பல் மருத்துவக் கல்லூரி: அம்மாவை அழைத்துப்போன அனுபவம்

ஈறில் ரத்தம் கசிகிறது, பல் ஆடுகிறது என்று யாராவது சொன்னால் பல் மருத்துவக் கல்லூரிக்குப் போகச் சொல்கிறேன். எங்கள் ஊருக்குப் பக்கத்தில் உள்ள கல்லூரியின் ஈறு நோய்ப் பிரிவில்தான் அம்மாவுக்குப் பார்த்தோம். அம்மாவுக்கு 61 வயது, பல வருடமாகச் சுகர். கீழ் முன்பற்கள் ஆடத் தொடங்கியிருந்தன.

அங்கே எனக்கு மிகவும் பிடித்தது, எதையும் தொடங்கும் முன் அளந்து பார்த்ததுதான். மில்லிமீட்டர் கோடு போட்ட மெல்லிய கம்பியைப் பல்லுக்கும் ஈறுக்கும் நடுவே விட்டு, பல்லுக்கு ஆறு இடம் வீதம் வாய் முழுக்க அளந்தார் ஒரு முதுநிலை மாணவி. அவர் எண்ணைச் சொல்லச் சொல்ல இன்னொருவர் எழுதினார். நல்ல ஈறில் அந்தக் கம்பி 3 மில்லிமீட்டருக்கு மேல் இறங்காது. அம்மாவுக்குப் பல இடங்களில் 5, 6. ஒரு கடைவாய்ப் பல்லில் 8. பிறகு எக்ஸ்ரே எடுத்து, எலும்பு எங்கே எவ்வளவு கரைந்திருக்கிறது என்று எங்களிடமே காட்டினார்கள்.

இதற்கு முன் போன ஒரு கிளினிக்கில் இந்த அளவை எடுக்கவே இல்லை. நேராக லேசர் பேக்கேஜ் பற்றிப் பேசினார்கள். ஆழம் தெரியாமல் எந்தச் சிகிச்சை வேண்டும் என்று எப்படி முடிவு செய்ய முடியும்? கல்லூரியில் பேராசிரியரிடம் கேட்டபோது, வேர் வரை ஒழுங்காகச் சுத்தம் செய்வதைவிட லேசர் பெரிதாக எதையும் கூட்டித் தருவதாக ஆய்வுகள் காட்டவில்லை என்றார்.

சரி, சிகிச்சைக்கு வருகிறேன். மரத்துப்போக ஊசி போட்டு, வாயில் ஒரு பக்கம் முடித்து, இன்னொரு நாள் மறுபக்கம். முதலில் பல்லில் கல்லாகப் படிந்திருந்த காறையை அதிர்வுக் கருவியால் உடைத்தார்கள். அப்புறம் வளைந்த கைக்கருவிகளால் ஈறுக்கு அடியில் வேரைச் சுரண்டி வழவழப்பாக்கினார்கள். அந்த மாணவி அவசரமே படவில்லை. ஒவ்வொரு கட்டத்திலும் பேராசிரியர் வந்து பார்த்துக் கையெழுத்துப் போட்ட பிறகுதான் அடுத்தது. இதனால் நேரம் நிறையப் போகிறது, காத்திருக்க நல்ல நாற்காலிகூட இல்லை. தினக்கூலிக்குப் போகிறவர்களுக்கு இது பெரிய கஷ்டம், அதை நிர்வாகம் யோசிக்க வேண்டும். கட்டணம் தனியார் கிளினிக்கில் கேட்டதில் சிறு பங்குதான்.

முடிந்ததும் பல்லிடையில் சந்து தெரிந்தது. கிளீன் பண்ணினால் பல் ஆடிவிடும் என்று உறவினர்கள் பயமுறுத்தினார்கள். வீக்கம் வடிந்து, அடைத்திருந்த காறை போனதால் தெரிகிற சந்து அது. குளிர்ந்த தண்ணீர் பட்டால் சில வாரம் கூசியது. 0.2 விழுக்காடு குளோர்ஹெக்ஸிடின் கொப்பளிப்பு மருந்து இரண்டு வாரத்துக்கு மட்டும் கொடுத்தார்கள். அதில் பல்லில் பழுப்புக் கறை படியும், உப்புச் சுவை மட்டுப்படும். ரசத்தில் உப்பே இல்லை என்று அம்மா தினமும் சொன்னார். டாக்டர் சொல்லாமல் மாதக்கணக்கில் அதைத் தொடர வேண்டாம்.

சில வாரம் கழித்து மறுபடி அளந்தபோது 6 இருந்த இடங்கள் பெரும்பாலும் 4 ஆகியிருந்தன. ரத்தக் கசிவு நின்றிருந்தது. 8 இருந்த அந்தக் கடைவாய்ப் பல்லில் மட்டும் அளவு குறையவில்லை. அங்கே ஈறைத் திறந்து சுத்தம் செய்து தையல் போட்டார்கள். அதற்கு முன், கடந்த இரண்டு மூன்று மாதச் சராசரி சுகரைக் காட்டும் எச்பிஏ1சி பரிசோதனை கேட்டு வாங்கிப் பார்த்தார்கள். சுகர் கட்டுக்குள் இல்லாவிட்டால் ஈறு ஆறாது, ஈறு கெட்டிருந்தால் சுகரும் அடங்க மறுக்கும். ஈறு சிகிச்சைக்குப் பின் மூன்று, நான்கு மாதத்தில் எச்பிஏ1சி சராசரியாக 0.4 விழுக்காட்டுப் புள்ளி குறைவதாக ஆய்வுத் தொகுப்புகள் சொல்கின்றன. சுகர் டாக்டர்கள் இதை எல்லா நோயாளிகளிடமும் சொல்ல வேண்டும் என்று ஆசைப்படுகிறேன்.

கரைந்த எலும்பு முழுதாகத் திரும்பாது என்பதையும் ஒளிக்காமல் சொன்னார்கள். இருப்பதைக் காக்க, பல்லிடைச் சந்துக்கேற்ற அளவில் குட்டி பிரஷ்களைத் தேர்ந்தெடுத்து, கண்ணாடி முன் அம்மா கையாலேயே செய்ய வைத்துக் காட்டினார்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை வரச் சொல்லியிருக்கிறார்கள்.

போகிறவர்கள் காலையிலேயே போய்விடுங்கள். சாப்பிடும் மாத்திரைகளின் சீட்டு, கடைசியாக எடுத்த சுகர் ரிப்போர்ட் இரண்டையும் கையில் வைத்திருங்கள். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுப்பவர்கள் அதை முதலிலேயே சொல்லிவிடுங்கள், தாமாக நிறுத்த வேண்டாம். ஈறு அளவு எழுதிய தாளைக் கேட்டுப் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள், அடுத்த முறை ஒப்பிட உதவும்.