மெயில்மேன் 3: காவலுக்குக் கெட்டிக்காரன்தான், ஆனாலும்

வெள்ளவத்தையில் இயங்கும் எங்கள் பழைய மாணவர் சங்கத்தின் மின்னஞ்சல் குழுவுக்கு மெயில்மேன் 3 மென்பொருளைப் பயன்படுத்துகிறோம். இலவசம். உறுப்பினர் அல்லாதவர் அனுப்பும் கடிதங்களைத் தானாகவே தடுத்து வைத்து நிர்வாகியிடம் கேட்கிறது. காணி விற்பனை விளம்பரங்கள் அங்கேயே முடங்கிவிடுகின்றன.

ஆனால் அனுப்புநர் முகவரி, தபாலுறையின் பின்புறம் எழுதும் பெயரைப் போன்றது. எவரும் எதையும் எழுதலாம். தலைவர் பெயரில் வரும் போலிக் கடிதம் உறுப்பினர் சோதனையைச் சிரித்துக்கொண்டே தாண்டிவிடும். ஆகவே அறிவிப்புக் குழுவில் தலைவர் உட்பட அனைவரையும் மட்டுறுத்தலில் வைத்திருக்கிறேன், அதாவது நிர்வாகி அனுமதித்த பிறகே கடிதம் குழுவுக்குப் போகும். (அவருக்கு அதில் கொஞ்சம் மனத்தாங்கல்.) இந்தக் காத்திருப்பைத் தவிர்க்க, செயலாளர் மட்டும் கடிதத்தின் முதல் வரியில் ‘அப்ரூவ்ட்’ என்று குறித்துக் கடவுச்சொல்லைச் சேர்ப்பார், அந்த வரியை நீக்கிவிட்டே மென்பொருள் கடிதத்தை அனுப்புகிறது. கடிதம் அனுப்பிய டொமைன் (முகவரியில் @ குறிக்குப் பின் வரும் பெயர்) போலியா என்று பார்க்கும் எஸ்பிஎஃப், டிகேஐஎம் சோதனைகளை அஞ்சல் சேவையகத்தில் தனியாக அமைக்க வேண்டும். நிர்வாகப் பக்கத்தில் தெரிவுகள் திரைக்குத் திரை சிதறிக் கிடப்பதுதான் எரிச்சல்.