இரண்டு கட்டுரை, நான்கு விதமான திருத்தல்: நாவலின் கருப்பொருளுக்கு எப்படிப் புள்ளி போடுவது?

சென்ற தவணை தரம் 11 பிள்ளைகளுக்குச் செங்கை ஆழியானின் ‘வாடைக்காற்று’ நாவலை வாசிக்கக் கொடுத்தேன். 1973இல் வந்த நூல். யாழ்ப்பாண மாவட்டத்து நெடுந்தீவுதான் களம். வாடை என்கிற வடகீழ்க் காற்று வீசும் காலத்தில் தீவுக்கு வந்து வாடி (தற்காலிக ஓலைக் குடில்) போட்டுத் தொழில் செய்கிற மீனவருக்கும் ஊராருக்கும் இடையில் நடக்கிற கதை. எங்கள் கடல், எங்கள் காற்று. பிள்ளைகள் ஒட்டுவார்கள் என்று நம்பினேன். நாவலின் கருப்பொருள் பற்றி இரண்டு பக்கம் எழுதச் சொன்னேன். 38 கட்டுரை வந்தது.

அதில் இரண்டை இன்னும் மேசையில் வைத்திருக்கிறேன். முதலாவது ஒரு பையனுடையது. எழுத்து அச்சுப் போல இருக்கும். இப்படித் தொடங்குகிறது: “இந்நாவலின் கருப்பொருள் மீனவ சமூகத்தின் வாழ்வியல் அவலங்களாகும். அதனை ஆசிரியர் யதார்த்தமாகவும் உணர்வுபூர்வமாகவும் சித்திரித்துள்ளார்.” ஒரு பிழை இல்லை. ஆனால் நாவலின் பெயரை எடுத்துவிட்டு வேறு எந்தக் கடற்கரைக் கதையின் பெயரைப் போட்டாலும் இந்த இரண்டு வசனமும் அப்படியே நிற்கும்.

இரண்டாவது ஒரு பெண்பிள்ளை எழுதியது. தகப்பன் கடற்றொழில். அடித்தல் வெட்டல் நிறைய, பந்தி பிரிப்பு இல்லை, பேச்சுவழக்கும் கலந்திருக்கிறது. நடுப்பக்கத்தில் இப்படி ஒரு இடம்: “வாடை பெயர்ந்தால் ஆக்கள் வருவினம், சோளகம் பெயர்ந்தால் போவினம். காற்றை நம்பி வந்தவனை ஊர் எப்படி நம்பும்?” சோளகம் என்பது வாடைக்கு எதிர்ப்பக்கத் தென்மேற்குக் காற்று. இதை வாசித்ததும் பேனையைக் கீழே வைத்துவிட்டேன். நாவலின் தலைப்பு ஏன் அந்தக் காற்றின் பெயராக இருக்கிறது என்பதற்கு அந்தப் பிள்ளை தானாகவே ஒரு விடை கண்டுபிடித்திருக்கிறது.

ஆகவே எனக்குத் திருத்தும் முறைகளை அளக்க ஒரே ஒரு அளவுகோல்தான். இந்த இரண்டு கட்டுரைக்கும் இடையில் உள்ள வித்தியாசம் அந்த முறையின் கண்ணில் படுகிறதா? நான்கு முறைகளை இதே கட்டுரைகளில் செய்து பார்த்தேன்.

முதலில் நாங்கள் எல்லோரும் பழகிய முறை. கட்டுரையை ஒருமுறை முழுதாக வாசித்து, மனத்தில் பட்டதை 20க்குப் போடுவது. பெண்பிள்ளைக்கு 15, பையனுக்கு 13 போட்டேன். சரியாகத்தானே வந்திருக்கிறது என்று தோன்றும். இரண்டு கிழமை கழித்துப் பெயரை மறைத்து, கட்டுகளைக் கலைத்து, மறுபடி திருத்தினேன். பெண்பிள்ளைக்கு 12 விழுந்தது. அன்று அந்தத் தாளுக்கு முன்னால் மிக நல்ல கட்டுரை ஒன்று இருந்தது, எனக்கும் களைப்பு. வேறு காரணம் சொல்ல என்னிடம் இல்லை.

இது எனக்கு மட்டும் நடப்பதல்ல. 1912இல் அமெரிக்காவில் ஸ்டார்ச், எலியட் என்ற இரண்டு ஆய்வாளர்கள் ஒரே ஆங்கில விடைத்தாளைப் பல உயர்நிலைப் பாடசாலைகளுக்கு அனுப்பித் திருத்துவித்தார்கள். ஒரே தாளுக்கு 50 போட்டவரும் இருந்தார், 90க்கு மேல் போட்டவரும் இருந்தார். 1961இல் டீடரிக் என்ற ஆய்வாளரும் கூட்டாளிகளும் 300 கட்டுரைகளை 53 பேரிடம் கொடுத்து ஒன்பது தரமாகப் பிரிக்கச் சொன்னார்கள். 101 கட்டுரைகளுக்கு ஒன்பது தரமும் கிடைத்தது! அவர்கள் அதோடு நிற்கவில்லை, ஏன் இப்படி என்று தோண்டினார்கள். ஒருவர் கருத்தைப் பார்க்கிறார், இன்னொருவர் ஒழுங்கமைப்பை, மற்றவர் எழுத்துப்பிழையை, வேறொருவர் சொல்லாட்சியை, இன்னும் சிலர் எழுதுபவரின் தனித்தன்மையை. ஆளுக்கொரு கண். எனக்கே இரண்டு கிழமையில் கண் மாறியதைப் பார்த்த பிறகு இந்த முடிவு எனக்கு அதிசயமாகப் படவில்லை.

இந்தக் குழப்பத்துக்கு மருந்தாகத்தான் புள்ளித்திட்டம் வந்தது. கூறு கூறாகப் பிரித்துப் புள்ளி போடுவது. எங்கள் ஆசிரியர்களுக்குக் கைவந்த முறை இது. நான் வைத்திருந்த திட்டம்: கருப்பொருளை இனங்காணல் 5, சான்று காட்டல் 5, ஒழுங்கமைப்பு 5, மொழிநடை 5. நன்மை பெரியது. பிள்ளை “எனக்கு ஏன் குறைஞ்சது ரீச்சர்?” என்று கேட்டால் விரலால் தொட்டுக் காட்டலாம். பக்கத்து வகுப்பு ஆசிரியர் திருத்தினாலும் பெரிய வித்தியாசம் வராது. வேண்டிய பிள்ளை, வேண்டாத பிள்ளை என்ற பேச்சுக்கே இடமில்லை. இதெல்லாம் சின்ன விஷயமல்ல.

ஆனால் அந்தத் திட்டத்தில் பையனுக்கு 16, பெண்பிள்ளைக்கு 11.

எங்கே பிழைத்தது என்று ஒரு இரவு முழுக்க உட்கார்ந்து பார்த்தேன். ‘கருப்பொருளை இனங்காணல்’ என்ற முதல் வரியில்தான் கோளாறு. பையன் முதல் வசனத்திலேயே ‘வாழ்வியல் அவலம்’ என்று பெயர் சொல்லிவிட்டான், 5க்கு 5. பெண்பிள்ளை எங்கேயும் ‘கருப்பொருள்’ என்ற சொல்லையே எழுதவில்லை, நான் 2 போட்டேன். அதாவது, பெயர் சொன்னவருக்குப் புள்ளி கொடுத்திருக்கிறேன், பொருளைக் கண்டவருக்குக் கொடுக்கவில்லை. ரியூசன் குறிப்பு மனனம் செய்கிற பிள்ளைகளுக்கு இந்த வரி பெரிய வசதி. சாதிக் கொடுமை, வறுமை, காதல், போர், புலம்பெயர்வு என்று ஐந்தாறு சொல் கையில் இருந்தால் எந்த நாவலுக்கும் ஒன்று பொருந்தும். இலக்கிய நயம் படிக்கிற பிள்ளைகளிடமும் இதே பழக்கத்தைப் பார்க்கிறேன். நயம் என்ற தலைப்பின் கீழ் பட்டியல்தான் வருகிறது. பிள்ளைகளைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நாங்கள் எதற்குப் புள்ளி போடுகிறோமோ அதைத்தான் அவர்கள் எழுதுகிறார்கள்.

திட்டத்தைத் தூக்கி எறியாமல் அந்த ஒரு வரியை மட்டும் மாற்றி எழுதிப் பார்த்தேன். ஒற்றைச் சொல்லில் பெயர் சொன்னால் 1. அந்தச் சொல்லைப் பற்றி இந்த நாவல் என்ன சொல்கிறது என்று ஒரு கூற்றாக எழுதினால் 3. அந்தக் கூற்று கதையில் எங்கே வலுக்கிறது, எங்கே உடைகிறது என்று காட்டினால் 5. பையன் 16இலிருந்து 12க்கு இறங்கினான். பெண்பிள்ளை 14க்கு ஏறினாள். மொழிநடைக்கு அவளுக்குக் குறைத்த புள்ளியை நான் தொடவில்லை. பரீட்சையில் எழுத்துத் தமிழ் வேண்டும், அதை அவள் பழகத்தான் வேண்டும்.

மூன்றாவது, சோடி சோடியாக ஒப்பிடல். புள்ளியே போடாமல், இரண்டு கட்டுரையைப் பக்கத்தில் வைத்து எது மேல் என்று மட்டும் சொல்வது. மனிதருக்கு ஒரு பொருளைத் தனியே அளப்பதைவிட இரண்டை ஒப்பிடுவது சுலபம் என்ற எண்ணத்தில், அதற்கான கணக்கை 1927இல் தேர்ஸ்டன் என்ற உளவியலாளர் எழுதினார். சந்தையில் கத்தரிக்காய் தெரிவு செய்கிறபோது நாங்கள் செய்வதும் இதுதானே. கேட்க எளிது, கணக்கு வேறு கதை சொல்லும். 38 கட்டுரையை எல்லாச் சோடியாகவும் ஒப்பிட்டால் 703 தடவை. ஒவ்வொரு கட்டுரையும் பத்துத் தடவை வந்தால் போதும் என்று வைத்தாலும் 190. மூன்று ஆசிரியர்கள் பகிர்ந்தால் ஆளுக்கு 63 சோடி, சோடிக்கு இரண்டு நிமிடம், இரண்டு மணித்தியாலம். நாங்கள் மூன்று பேர் ஒரு சனிக்கிழமை பத்துக் கட்டுரையில் மட்டும் செய்து பார்த்தோம். எங்கள் இரண்டு கட்டுரையும் ஒரே சோடியாக வந்தபோது மூன்று பேருமே பெண்பிள்ளையின் தாளைத்தான் எடுத்தோம், ஒருவரும் தயங்கவில்லை. வித்தியாசத்தைக் கண்டுபிடிப்பதில் இதற்கு மேல் ஒன்றுமில்லை. ஆனால் பிள்ளையிடம் போய் என்ன சொல்வது? “உன்னுடையது ஏழாவது” என்றா? எதைத் திருத்த வேண்டும் என்று அந்த ஏழு சொல்லாது. ஆசிரியர்கள் கூடித் தங்கள் கண்ணைச் சரிபார்க்க இது நல்லது. வகுப்பில் நாளாந்தம் செய்ய முடியாது.

நான்காவது, குறிப்பு மட்டும். புள்ளி இல்லை. இதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. கொப்பி வீட்டுக்குப் போன அடுத்த நாளே ஒரு தாய் வாசலில் நின்றா. “ரீச்சர், சிவப்பு மையால நிறைய எழுதியிருக்கிறியள், புள்ளியைக் காணேல்லை. பிள்ளை பாஸோ பெயிலோ?” அவவின் கவலை நியாயமானது. எங்கள் ஊரில் ஒரு பிள்ளை முன்னேறுவதற்கு வேறு ஏணி குறைவு, புள்ளிதான் தெரிந்த ஏணி. அவவை இருத்தி, இது தவணைப் பரீட்சைப் புள்ளியில் சேராது என்று விளங்கப்படுத்தினேன்.

ஆனாலும் இந்த முறையை நான் விடமாட்டேன். 1988இல் ரூத் பட்லர் என்ற ஆய்வாளர் இஸ்ரேலில் 5ஆம், 6ஆம் வகுப்புப் பிள்ளைகளிடம் செய்த ஆய்வு ஆசிரியர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். குறிப்பு மட்டும் பெற்றவர்கள் அடுத்த தடவை முன்னேறினார்கள், ஆர்வமும் குறையவில்லை. புள்ளி மட்டும் பெற்றவர்களிடம் அந்த முன்னேற்றம் இல்லை. குறிப்பையும் புள்ளியையும் சேர்த்துப் பெற்றவர்களுக்கும் அதே நிலைதான். புள்ளியைக் கண்டதும் கண் குறிப்புக்குப் போகாது. என் வகுப்பிலேயே பார்த்திருக்கிறேன், 16ஐக் கண்டால் கொப்பி அப்படியே மூடப்படும்.

குறிப்பிலும் குறிப்பு உண்டு. “நன்று, இன்னும் ஆழமாக எழுதுக” என்று எழுதுவது வீண் மை. பையனுடைய முதல் வசனத்துக்குக் கீழே நான் எழுதியது இவ்வளவுதான்: “இந்த வரியை வேறு நாவலுக்கும் எழுதலாமா? இந்தக் கதையில் மட்டும் இருக்கிற ஒன்றைத் தேடிப் பிடியும்.” முப்பத்தெட்டுத் தாளுக்கும் இப்படி எழுத நான்கு இரவு போனது. அதுதான் இதன் விலை.

இப்போது நான் செய்வது இப்படி: முதல் எழுத்துக்குக் குறிப்பு மட்டும், திருத்தி எழுதிய இரண்டாம் எழுத்துக்கு மாற்றிய புள்ளித்திட்டம். மனத்தில் பட்டதைப் போடுகிற பழைய முறையை முற்றாக விட்டுவிட்டேன். சோடி ஒப்பீடு தவணைக்கு ஒருமுறை, பத்துத் தாள், பக்கத்து வகுப்பு ஆசிரியர்களோடு.

பையன் அந்தக் குறிப்போடு மூன்று நாள் திரிந்தான். நாலாம் நாள் இடைவேளையில் வந்து கேட்டான்: “ரீச்சர், மாமி வீடு நெடுந்தீவில. அங்க மதில் எல்லாம் கல்லடுக்கித்தான் கிடக்குது. வாடி மட்டும் ஓலை. அதை எழுதலாமோ?” எழுதச் சொன்னேன். இரண்டாம் எழுத்து இப்படித் தொடங்கியது: “ஊரவர்களுக்குக் கல் மதில், வந்தவர்களுக்கு ஓலை வாடி. இந்நாவலில் சண்டை தொடங்குவதற்கு முன்பே யார் நிற்பார், யார் போவார் என்பது தெரிந்துவிடுகிறது.” புள்ளித்திட்டத்தின் முதல் வரிக்கு 5க்கு 4 போட்டேன். எங்கே உடைகிறது என்பதை அவன் இன்னும் எழுதவில்லை.