போட்டோ கோப்புகளுக்குத் தேதியே பெயர்: எக்ஸிஃப்டூலுடன் சில வருடங்கள்

கேமரா வைக்கும் பெயரில் எண்ணுக்கு நான்கே இலக்கம். 9999-ஐத் தொட்டதும் மறுபடி 0001-க்கு வந்துவிடும். வருடக்கணக்கில் படம் எடுப்பவர்களிடம் ஒரே பெயரில் இரண்டு மூன்று படங்கள் சேர்வது இதனால்தான்.

விண்டோஸில் எல்லாப் படங்களையும் தேர்ந்தெடுத்து எஃப்2 அழுத்தலாம். ஒரே பெயரும் அடைப்புக்குறிக்குள் வரிசை எண்ணும் விழும். கொஞ்சம் படங்களுக்குப் போதும். ஆனால் 'பயணம் (137)' எந்தப் பயணம் என்று பின்னால் யார் சொல்வது?

பலதையும் பார்த்துவிட்டு நான் தங்கியது எக்ஸிஃப்டூலில். ஃபில் ஹார்வி எழுதிய இலவச மென்பொருள். பொத்தான், மெனு எதுவும் கிடையாது, எல்லாம் கட்டளைதான். படத்துக்குள்ளேயே பதிவாகியிருக்கும் எடுத்த நேரத்தைப் படித்து அதையே பெயராக்கிவிடும். கோப்பின் 'மாற்றிய தேதி' இதற்கு உதவாது. படத்தைத் திருத்திச் சேமித்தாலே அது மாறிவிடும்.

என் பெயர் வடிவம் இப்படி: 20230514_183022_4471. வருடம் முன்னால் நிற்பதால் பெயர்வரிசையே காலவரிசை ஆகிவிடுகிறது. கடைசி நான்கு இலக்கம் கேமராவின் பழைய எண். ஒரே நொடியில் தொடர்ந்து எடுத்த படங்கள் மோதிக்கொள்ளாமல் இருக்க அது வேண்டும். மணிக்கும் நிமிடத்துக்கும் நடுவே முக்காற்புள்ளி போட ஆசைப்படாதீர்கள், விண்டோஸ் ஏற்காது.

எனக்கு ரொம்பப் பிடித்தது டெஸ்ட்நேம் வசதி. எதையும் மாற்றாமல் புதுப் பெயர்களை மட்டும் காட்டும். கேமரா கடிகாரம் தப்பாக ஓடியிருந்தால் மொத்தப் படங்களின் நேரத்தையும் ஒரே கட்டளையில் நகர்த்தலாம்; பெயர் மாற்றும் முன் செய்துவிடுங்கள்.

குறைகளும் உண்டு. கட்டளையை பேட்ச் கோப்பில் (கட்டளைகளைச் சேமித்து வைத்து விண்டோஸில் ஓட்டும் கோப்பு) எழுதினால், தேதி வடிவத்தில் வரும் சதவீதக் குறியை இரட்டிப்பாக்க வேண்டும். இதை யாரும் முதலில் சொல்லித் தருவதில்லை! வீடியோக்கள் பலவற்றில் நேரம் உலகப் பொது நேரமாகப் பதிவாகியிருக்கும், அதற்குத் தனி அமைப்பு. வாட்ஸ்அப் வழி வந்த படங்களில் பெரும்பாலும் எடுத்த நேரமே இருக்காது. பெயரில் தேதி இருந்தால் அதை வைத்துச் சமாளிக்கிறேன்.

படங்களை அடுக்கித் திருத்தும் லைட்ரூம் மென்பொருளைப் பயன்படுத்துபவர்கள் அதற்குள்ளேயே பெயர் மாற்றுங்கள். வெளியே மாற்றினால் படம் காணவில்லை என்று நிற்கும். கட்டளை என்றாலே அலர்ஜி என்றால், சரி, அட்வான்ஸ்டு ரீநேமர் எடுங்கள். அதுவும் எடுத்த நேரத்தைப் படிக்கும், புதுப் பெயரை முன்கூட்டியே பக்கத்தில் காட்டும்.

அப்புறம், நிகழ்ச்சிப் பெயரை நான் கோப்பில் சேர்ப்பதே இல்லை. அது ஃபோல்டருக்குப் போகட்டும்.