ஈ.எஸ்.ஐ. லீவுக்கு டிஸ்பென்சரி சீட்டா, தனியார் டாக்டர் சர்டிபிகேட்டா?

இரண்டு முறை காய்ச்சலில் படுத்தேன். முதல் முறை பக்கத்து கிளினிக்கில் காட்டி, எழுந்து நடமாடத் தொடங்கியபின் அங்கேயே சர்டிபிகேட் வாங்கினேன். அடுத்த முறை முதல் நாளே, சம்பளத்தில் சந்தா பிடிக்கும் தொழிலாளர் காப்பீடான ஈ.எஸ்.ஐ.யின் டிஸ்பென்சரிக்குப் போய்விட்டேன். இனி எனக்கு டிஸ்பென்சரிதான்.

கிளினிக்கின் சௌகரியம் தெரிந்ததுதான்: கூட்டம் குறைவு, மாலையிலும் திறந்திருக்கும். டிஸ்பென்சரி பெஞ்சில் காய்ச்சலோடு ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்தேன். சரி, அது போகட்டும்.

லீவு நாளுக்கு ஈ.எஸ்.ஐ. தரும் காசு வருமா வராதா என்பது சர்டிபிகேட்டின் தேதியில் இருக்கிறது. டிஸ்பென்சரி டாக்டர் பார்த்த அன்றே முதல் சர்டிபிகேட் தருகிறார். காய்ச்சல் நீண்டால் இடையில் இன்னொன்று. வேலைக்குப் போகலாம் என்று கடைசியில் ஒன்று. ஒன்று முடியும் இடத்தில் அடுத்தது தொடங்கும். ஈ.எஸ்.ஐ. கிளை அலுவலகத்தில் புரட்டிப் பார்த்து வாங்கிக்கொண்டார்கள், ஒரு கேள்வி இல்லை. கிளினிக் தாளிலோ "12 நாள் ஓய்வு தேவைப்பட்டது" என்று ஒரே வரி. கீழே பன்னிரண்டாம் நாள் தேதி. முதல் நாள் அவர் என்னைப் பார்த்தார் என்பதற்கு அதில் என்ன அத்தாட்சி? மருந்துச் சீட்டு எங்கே, ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட் எங்கே என்று கேட்டார்கள்.

தனியார் சர்டிபிகேட் செல்லவே செல்லாது என்று கம்பெனியில் சொல்வார்கள். அது தப்பு. ஈ.எஸ்.ஐ. பொது ஒழுங்குமுறைகளின் 53வது விதிப்படி, சூழ்நிலை நியாயமாக இருந்தால் பதிவு பெற்ற எந்த மருத்துவரின் சான்றையும் ஈ.எஸ்.ஐ. கழகம் ஏற்கலாம். 'ஏற்கலாம்', அவ்வளவுதான்; முடிவு அவர்கள் கையில். வெளியூரில் படுத்துவிட்டாலோ, அவசரத்துக்கு ஏதோ ஆஸ்பத்திரியில் சேர்த்தாலோ வேறு வழியில்லை. அப்போது டிஸ்சார்ஜ் சம்மரி, சீட்டு, பில் எதையும் விடாதீர்கள். சர்டிபிகேட்டில் நோயின் பெயர், பார்த்த தேதிகள், டாக்டரின் பதிவு எண் இருக்கிறதா என்று அங்கேயே படித்துப் பாருங்கள்.

தொகை இரண்டு வழியிலும் ஒன்றுதான்: சராசரி தினக்கூலியில் 70 சதவீதம், ஓராண்டில் 91 நாள் வரை. முதல் 2 நாளுக்குக் கிடையாது. தினக்கூலி 500 ரூபாய் என்றால் 12 நாள் லீவுக்கு 3,500 வரும். முந்தைய ஆறு மாதப் பங்களிப்புக் காலத்தில் 78 நாளாவது சந்தா பிடித்திருக்க வேண்டும். காசநோய், புற்றுநோய் மாதிரி நீண்ட நோய்களுக்குத் தரும் 80 சதவீதத்தை நான் வாங்கியதில்லை; என் அனுபவம் காய்ச்சலோடு சரி.

அந்த முதல் முறை மருந்துச் சீட்டை மருந்துக்கடையிலேயே விட்டுவிட்டு வந்திருந்தேன். இரண்டு தடவை போய்க் கேட்டேன், கிடைக்கவில்லை. 12 நாளும் சம்பளமில்லா லீவில் போனது.