பழைய வீட்டில் ஓவியக் கண்காட்சி: படங்களும் சரி, வீடும் சரி

ஊர்க்காரர்கள் அனுப்பிய படங்களிலிருந்து நடுவர் குழு பொறுக்கியெடுத்து ஒரு பாரம்பரிய வீட்டில் மாட்டியிருக்கிறார்கள், தாராளமாகப் போய்ப் பார்க்கலாம். சுவரில் ஆணி அடிக்கக்கூடாது என்பதால், மேலே ஓடும் மரச்சட்டத்தில் கொக்கி போட்டுக் கம்பியில் தொங்கவிட்டிருக்கிறார்கள். அதனால் சில படங்கள் லேசாக முன்னால் சாய்ந்து நிற்கின்றன, கண்ணாடி போட்டவற்றில் எதிர் ஜன்னல்தான் முதலில் தெரிகிறது!

நீர்வண்ணப் படங்கள் இருக்கும் அறையில் திரையை இழுத்துவிட்டிருக்கிறார்கள். இருட்டாக இருக்கிறதே என்று பக்கத்தில் ஒருவர் சலித்துக்கொண்டார், ஆனால் வெளிச்சத்தில் நீர்வண்ணம் வெளுத்துவிடும், அருங்காட்சியகங்களிலேயே அவற்றுக்கு 50 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) என்ற மங்கலான அளவில்தான் வெளிச்சம் வைப்பார்கள், அதனால் இதைக் குறையாகச் சொல்ல மாட்டேன்.

தேர்வுதான் கொஞ்சம் இடிக்கிறது. நிலக்காட்சிகளும் பூச்சாடிகளும் அதிகம், துணிச்சலான வேலைகள் மாடிப்படி ஓரத்தில் ஒதுங்கிக் கிடக்கின்றன. யார் வேண்டுமானாலும் படம் அனுப்பலாம், நடுவர்கள் தேர்ந்தெடுப்பார்கள் என்ற முறை புதிதல்ல, லண்டனில் ராயல் அகாடமி என்ற கலைஞர்கள் அமைப்பு 1769 முதல் ஆண்டுதோறும் அப்படித்தான் நடத்துகிறது. அங்கே போலச் சுவர் நிறைய நெருக்கி மாட்டாமல் இங்கே இடைவெளி விட்டது நல்ல முடிவு.

மாடி அறையில் இருக்கும் கரிக்கோல் முகங்களை விட்டுவிடாதீர்கள், பாதிக்குமேல் சிவப்புப் பொட்டு ஒட்டியாகிவிட்டது, அதாவது விற்றுப்போனவை. அப்புறம், லிஃப்ட் கிடையாது, படிகள் செங்குத்து, முழங்கால் வலி உள்ளவர்கள் கீழ்த்தளத்தோடு நிறுத்திக்கொள்ளலாம்.